பொட்டு வைத்த பேஸ் கிட்டார்

ரூபி கேட்டது இவ்வளவுதான். கீழ்ச்சுரம் வாசிக்கிற பேஸ் கிட்டாரில் வேண்டாதது ஒன்றுகூட இருக்கக் கூடாது. பெயிண்ட் வேண்டாம், பூ வேண்டாம், திருகுவதற்கு ஒரே ஒரு குமிழ் போதும். கழுத்தில் குறுக்கே வரிவரியாக ஓடும் உலோகக் கோடு இருக்கிறதே, ஃப்ரெட், அதுவும் வேண்டாம். அது இல்லாத பேஸை ஒரு நாள் போனில் கேட்டிருந்தாள். சத்தம் குழைந்து வழுக்கிக்கொண்டு போனது. அன்றிலிருந்து தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும்போதும் புத்தி அங்கேதான்.

செய்து கொடுத்தவர் இசக்கிராஜா. கோவில்பட்டி ஸ்டேஷன் பக்கம் கதவும் கட்டிலும் செய்கிற ஆசாரி. யாரோ இடித்த பழைய வீட்டுத் தேக்கு உத்திரத்தை வாங்கி மூன்று மாதம் இழைத்தார். ஒரு கொடியாவது செதுக்காமல் அவருக்குக் கை அடங்காது. ரூபிக்காக அடக்கிக்கொண்டார். எண்ணெய் பூசிய வெறும் மரம், நாலு கம்பி, அம்மாடி, என்ன அழகு. கையில் வாங்கியதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

வாசிக்க உட்கார்ந்தபோதுதான் வினை தெரிந்தது. கோடு இருந்தால் விரல் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் சுரம் சரியாக விழும். கோடு இல்லாவிட்டால் ஒரு நெல் அளவு தவறினாலும் அபசுரம். கழுத்தோரம் வைக்கிற அடையாளப் புள்ளிகளையும் இந்த மகராசி வேண்டாம் என்று சொல்லித் தொலைத்திருந்தாள்.

ரூபி போகும் கிறிஸ்தவக் கோயிலின் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. இதுவரை பாடகர் குழுவில் இருந்த ஜெஸ்டினின் பேஸை இரவல் வாங்கி ஆராதனையில் வாசித்தாள். அவன் மஸ்கட்டுக்குப் போகும்போது அதையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான். பாடகர் குழுவை நடத்துகிற எபநேசர் சார்தான் கீபோர்டும் வாசிப்பவர். அவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"பண்டிகையன்னைக்கு ஒழுங்கா வாசிச்சேன்னா தொடர்ந்து வாசி. இல்லேன்னா பேஸுக்கு என் இடது கையே போதும்."

ரூபி பட்டறைக்கு ஓடினாள். "கோடு கீறித் தாங்க அண்ணாச்சி. இடம் தெரியாம முழிக்கேன்."

"கீறுனா கீறுனதுதான், அழியாது. நாளைக்கு வந்து அழப்பிடாது," என்றார் இசக்கிராஜா.

அவர் மனைவி முத்துச்செல்வி எட்டிப் பார்த்தாள். "இதுக்கா ரெண்டு பேரும் இந்தப் பாடு படுதீங்க?" உள்ளே போய் ஸ்டிக்கர் பொட்டு அட்டையோடு வந்தாள். ரூபி போனில் சுரம் காட்டும் ஆப்பைப் பார்த்துச் சரியா என்று சொல்லச் சொல்ல, கழுத்தின் மேலோரத்தில் ஒவ்வொன்றாக ஒட்டினாள். ஒன்பது சிவப்புப் பொட்டு. அதைப் பார்த்துப் பார்த்து வாசித்தே ரூபி இரண்டு வாரத்தில் பாட்டைப் பிடித்துவிட்டாள்.

பண்டிகை அன்று காலை, வயரைச் செருகக் குனிந்த எபநேசர் சார் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னட்டி இது?"

"அடையாளம் சார்."

"கோயிலுக்குள்ள பொட்டா? நம்ம சபைப் பிள்ளையள்ல ஒண்ணாவது நெத்தியில வைக்குதா? சபையார் பாத்தா என்ன சொல்லுவாங்க?"

"கிட்டார் இன்னும் ஞானஸ்நானம் எடுக்கல சார்."

பாடகர் குழுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சார் சிரிக்கவில்லை. "எல்லாத்தையும் எடு," என்றார்.

ஒன்பதையும் உரித்தெடுத்துப் பாட்டுப் புத்தகத்தின் அட்டையில் ஒட்டினாள். ஈரத் துணியால் பசையையும் சாரே துடைத்துவிட்டார். அவரைக் கடித்துக் குதறலாம் போல இருந்தது அவளுக்கு.

பாட்டு ஆரம்பித்தது. முதல் சுரமே ஒரு நெல் கீழே விழுந்தது. எபநேசர் சாரின் இடது கை அந்தக் கணமே பேஸ் கட்டைகளுக்கு இறங்கியது, இதற்காகவே காத்திருந்த மாதிரி. அவள் விரலைத் தூக்கவில்லை. அழுத்தியபடியே மேலே தள்ளினாள். சுரம் வழுக்கிப் போய்ப் பாட்டோடு சேர்ந்துகொண்டது. போனில் கேட்ட அதே குழைவு.

பார்க்க இனி ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு பெண்களின் குரலைக் கேட்டாள். பொட்டைப் பார்த்த இரண்டு வாரமும் பாட்டைக் கேட்கவே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. தவறிய இடத்தில் எல்லாம் இழுத்துச் சரிசெய்தாள். இரண்டாம் சரணத்தில் இழுக்க வேண்டியது பாதியாகக் குறைந்தது. பின்வரிசையில் யாரோ தாளம் தட்டினார்கள்.

மூன்றாம் சரணத்தில் கண்ணைத் திறந்தபோது சாரின் இடது கை கட்டைகள் மேல் இல்லை. அந்தக் கையால் கண்ணாடியைச் சரிசெய்தார், பாட்டுப் புத்தகத்தில் பக்கத்தைப் புரட்டினார், பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார். பாட்டு முடியும்வரை அது அங்கேயே இருந்தது.