பூங்காவில் கிடைத்த பித்தளை வில்லை

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நன்றாக நீட்டிக்கொள்ளுங்கள். மண்ணுக்குள்ளிருந்து எழுந்து வந்த ஒரு வட்டத்தின் கதை சொல்லப்போகிறேன். யாரும் அழ வேண்டியிருக்காது, அதற்கு நான் பொறுப்பு.

ஒரு பஸ் டிரைவர் இருந்தார். டெப்போவில் அவருக்குக் காந்தம் என்று பெயர். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் பீப் பீப் என்று கத்துகிற கருவி ஒன்றைத் தூக்கிக்கொண்டு, வேலை முடிந்ததும் ஏரிக்கரைப் பூங்காவுக்குப் போய்விடுவார். நாளெல்லாம் அடுத்தவர் மணியடித்த இடத்தில் வண்டியை நிறுத்துகிற மனிதர். அந்தக் கருவி கையில் இருக்கும்போதுதான் தனக்குத் தோன்றிய இடத்தில் நிற்பார். பாட்டுகூட வரும்.

ஆனால் கருவி அவருடையதில்லை. அவர் மனைவியின் தம்பி, பழைய இரும்புக் கடைக்காரன், இரவல் கொடுத்தது. இப்போது அதை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்துவிட்டார்.

"மாமா, நீங்க இதுவரைக்கும் எடுத்தது ஆணியும் சோடா மூடியும்தான். அது என் கடையிலயே கூடை கூடையா கிடக்கு. ஞாயித்துக்கிழமைக்குள்ள, இன்னதுன்னு பேர் சொல்ற மாதிரி ஒரு பொருள் எடுத்துக் காட்டுங்க. மெஷின் உங்களுக்கே. இல்லேன்னா வித்துடுவேன்."

"பாத்துக்கிட்டே இரு மாப்ளே!" என்றார் காந்தம். வாய்தான் சொன்னது. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை, பூங்காவின் பெரிய மரத்தடியில் கருவி கத்தியது. ஒரு சாண் தோண்டியதும் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு வட்டம் வந்தது. கறுத்துப்போயிருந்தது. ஓரத்தில் ஓர் ஓட்டை. மனிதர் கிட்டத்தட்ட ஓடியே வீட்டுக்கு வந்து, அதை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

அங்கேதான் வந்தது வினை. மனைவிக்கு ஒரு பெரிய ஹோட்டலில் வேலை. கதவுக் கைப்பிடி, படிக்கட்டுக் கம்பி என்று பித்தளையாக இருப்பதையெல்லாம் முகம் தெரிகிற மாதிரி துலக்கிவைக்க வேண்டும். கறுத்த பித்தளையைக் கண்டால் அந்தக் கை சும்மா இருக்குமா? எலுமிச்சை மூடியில் உப்பைத் தொட்டு, தேய் தேய் என்று தேய்த்துவிட்டாள்.

காந்தம் தலை துவட்டிக்கொண்டே வந்து பார்த்தார். துண்டு கீழே விழுந்தது.

"ஐயையோ! பழைய காசைத் தேய்க்கவே கூடாது. தேய்ச்சா மதிப்பே போயிடும்!"

"அழுக்கா இருந்துச்சுங்க..."

"அது ராஜா காலத்து அழுக்கு!"

"ஏன், உங்க ராஜா குளிக்கவே மாட்டாரா?" என்றாள். வாய் பேசியதே ஒழிய, கை எலுமிச்சை மூடியை முந்தானைக்குள் ஒளித்தது. அந்தக் கருவி போய்விட்டால் வீட்டில் பாட்டு நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியாதா?

தேய்த்ததில் 17 என்ற எண்ணும், ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே கிடக்கும் இரண்டு உருவங்களும் தெரிந்தன.

"ரெண்டு வாள்" என்றார் அவர்.

"கரண்டி மாதிரி இருக்கு" என்றாள் அவள்.

தம்பி வந்து எட்டிப் பார்த்தான். "மண்வெட்டி. யாரோ தோண்டுறவங்க சின்னம். உங்க வம்சமாத்தான் இருக்கும் மாமா."

ஞாயிறு காலை மூவரும் பழைய காசு விற்கும் கடைக்குப் போனார்கள். கருவியைத் தம்பி தன் தோளில் மாட்டிக்கொண்டான். கடைக்காரர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"யாரு இதைத் தேய்ச்சது?"

மனைவி கணவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"நான்தான்" என்றார் காந்தம்.

"காசா இருந்திருந்தா உங்களை விட்டிருக்க மாட்டேன். பொழைச்சீங்க, இது காசே இல்ல. பின்பக்கம் மொட்டை. ஓட்டை, ஆணியில மாட்டறதுக்கு. ஏதோ ஒரு இடத்துல குடுத்து வாங்குற வில்லை. எந்த இடம்னு தெரியாம பேர் சொல்ல முடியாது."

"அப்ப... பேர் இல்லையா?" என்றான் தம்பி. பந்தயத்தில் ஜெயிக்கப்போகிறவனின் குரலாகவே இல்லை அது.

"எங்க கிடைச்சுது?"

"ஏரிக்கரையில."

கடைக்காரர் சிரித்தார். "ஏரிக்கரையில வாளுக்கும் கரண்டிக்கும் என்னங்க வேலை?"

மூவரும் ஒரே மூச்சில் கத்தினார்கள். "துடுப்பு!"

அங்கிருந்து நேராக ஏரிக்கரைக்கு வந்தார்கள். படகுத்துறையில் ஓர் அம்மாள் துடுப்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். வில்லையைக் கையில் வாங்கி எண்ணைப் பார்த்தார். பிறகு கொட்டகைப் பக்கம் திரும்பி, "அண்ணே! பதினேழு கரைக்கு வந்துடுச்சு!" என்று போட்ட சத்தத்தில் வாத்துகள் எழுந்து பறந்தன.

கொட்டகைச் சுவரில் ஒரு பலகை. வரிசையாக ஆணிகள், ஆணிக்கொரு வில்லை. ஓர் ஆணி மட்டும் வெறுமையாக இருந்தது.

"படகு எடுக்குறவங்க வில்லையைக் கொண்டுபோகணும், திரும்பி வந்து மாட்டணும். வில்லை வரலேன்னா படகு இன்னும் தண்ணியிலதான்னு கணக்கு. எங்க அப்பா வெச்ச சட்டம். பதினேழை எடுத்தவங்க படகைத் திரும்பக் கொண்டுவந்து விட்டாங்க, வில்லையை எங்கயோ தொலைச்சுட்டாங்க. புதுசு அடிக்கலாம்னா அப்பா விடல. போனது வரட்டும்னுட்டார். வருஷா வருஷம் பெயின்ட் அடிக்கிறோம். அன்னையிலேருந்து தண்ணியில இறக்கினதே இல்ல."

தம்பி கருவியைத் தோளிலிருந்து இறக்கி மாமாவின் கையில் வைத்தான். "பேரு மட்டும் கேட்டேன். நீங்க படகையே கரையேத்திட்டீங்க. எடுத்துக்குங்க மாமா."

அம்மாளும் அண்ணனும் கவிழ்த்து வைத்திருந்த பதினேழாம் எண் பச்சைப் படகை நிமிர்த்தி, ஏரியில் தள்ளினார்கள். முதல் சவாரி இவர்களுக்குத்தான், காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டார் அம்மாள். தம்பிதான் துடுப்புப் போட்டான். படகு ஒரே இடத்தில் வட்டமடித்தது.

"மாப்ளே, இரும்பு எடை போடுற மாதிரி போடாதே!" என்று காந்தம் கத்த, அக்காள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதற்குள் அவர் பாட ஆரம்பித்துவிட்டார்.

உங்கள் வீட்டிலும் பாட்டு நிற்காமல் இருக்கட்டும், கண்ணுகளா. வெளியே போனவர்கள் எல்லாம் நல்லபடியாக வாசல் வந்து சேரட்டும்.