ஆறுச்சாமி விழுந்த ஞாயிற்றுக்கிழமை

1959-ஆம் வருஷம் ஆவணியில், பீளமேட்டில் பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றில் டிராப்ட்ஸ்மேனாக இருந்த சென்னகிருஷ்ணனுக்கு எண்பத்தாறு சிப்பாய்கள் கிடைத்தார்கள். கம்பெனியில் இருந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஊருக்குத் திரும்பும்போது, கப்பலில் ஏற்ற முடியாத சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுப் போனார். டைப்பிஸ்டுக்கு ஒரு நாற்காலி, வாட்ச்மேனுக்கு மழைக்கோட்டு, சென்னகிருஷ்ணனுக்கு ஒரு மரப்பெட்டி. திறந்து பார்த்தால் உள்ளே கட்டைவிரல் உயரத்தில் ஈயச் சிப்பாய்கள் (சிலர் குதிரைமேல்), இரண்டு பீரங்கிகள், அட்டை கிழிந்த சின்னப் புத்தகம் ஒன்று. சிப்பாய்கள் யாருக்கும் பெயிண்ட் அடித்திருக்கவில்லை. எல்லோரும் வெறும் ஈய நிறத்தில் இருந்தார்கள்.

சென்னகிருஷ்ணனின் இங்கிலீஷ் மெஷின் டிராயிங்குக்குப் போதுமானதாக இருந்ததே தவிர, புத்தகம் படிக்கப் போதவில்லை. அதை நண்பர் அமிர்தராஜிடம் கொண்டுபோனார். அமிர்தராஜ் மிஷன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். மாதா கோவில்களில் நிறம் மங்கிப்போன சொரூபங்களுக்கு வர்ணம் பூசித் தருகிறவர். அவர் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, அடிக்கோடு போட்டுப் படித்து முடித்தார்.

"மேஜை மேல ரெண்டு படையை நிறுத்தோணும். அடிக்கோல் வெச்சு அளந்து நகர்த்தோணும். யாரு குண்டடி பட்டு உழுவாங்கன்னு பகடை சொல்லும். விளையாட்டுன்னுதான் போட்டிருக்குது. ஆனா நாம அப்படி எடுத்துக்கக் கூடாதுங்க" என்றார்.

புத்தகத்தில் இருந்த விதிகளோடு அவர் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார். பெயிண்ட் அடிக்காத சிப்பாய் மேஜைக்கு வரக் கூடாது. "துணியில்லாம சண்டைக்கு வர்றவன் சிப்பாய் இல்லீங்க."

ஆளுக்கு நாற்பத்துமூன்று பேர் என்று பிரித்துக்கொண்டார்கள். சென்னகிருஷ்ணனின் படை பச்சை. கம்பெனியில் பம்புக்கு அடிக்கும் பச்சைதான் அவருக்குக் கிடைத்தது. அமிர்தராஜின் படை நீலம். மாதா சொரூபத்தின் அங்கிக்கு வாங்கியதில் மிச்சம். தினமும் காலையில், வேலைக்குப் போகும் முன், சென்னகிருஷ்ணன் கிழக்கு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார். வாட்ச் ரிப்பேர் செய்கிறவர்கள் கண்ணில் மாட்டிக்கொள்ளும் லென்ஸை மாட்டிக்கொண்டு, மூன்றே மயிர் விட்டு மீதியைக் கத்தரித்த பிரஷ்ஷால் பித்தான், பெல்ட், துப்பாக்கி வார் என்று ஒவ்வொன்றாகத் தொடுவார். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு கோடு. மூச்சு விட்டு மறுபடி ஒரு கோடு. மனைவி பத்மாவதி காப்பியை வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவாள். பேசினால் யாருக்காவது மீசை கோணலாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

உடுப்பெல்லாம் நன்றாகத்தான் வந்தது. முகம்தான் வரவில்லை. முதல் பத்துப் பேரைப் பார்த்துவிட்டு அமிர்தராஜ் வருத்தத்தோடு சொன்னார்: "எல்லாம் முட்டைக்குக் கண்ணு வெச்ச மாதிரி இருக்குதுங்க."

"உங்காளுக மட்டும் என்னங்க, எல்லாரும் வானத்தைப் பார்த்துட்டு நிக்கறாங்க."

"அது கைப்பழக்கமுங்க. நான் இதுவரைக்கும் புனிதர்களுக்குத்தான் கண்ணு வெச்சிருக்கேன்."

அந்த 'முட்டை' சென்னகிருஷ்ணனை உறுத்தியது. மறுநாளிலிருந்து அவர் கம்பெனியில் மனிதர்களின் முகத்தை உற்றுப்பார்க்க ஆரம்பித்தார். வார்ப்படப் பட்டறையில் மணல் அச்சு பிடிக்கும் மோல்டராக இருந்த ஆறுச்சாமியின் முகத்தில் அவருக்குப் பிடி கிடைத்தது. தொங்கு மீசை, இடது புருவத்தில் ஒரு வெட்டு, எதையோ மறந்துவிட்டு நினைத்துப்பார்க்கிறவரைப் போன்ற நெற்றி. நாலு நாள் காலையும் ஒரு சிப்பாய்க்கு அதே முகத்தை வரைந்தார். ஐந்தாம் நாள் சிப்பாயைத் தீப்பெட்டியில் பஞ்சு வைத்துக் கொண்டுபோய், லென்ஸோடு ஆறுச்சாமியிடம் கொடுத்தார்.

ஆறுச்சாமி வெகுநேரம் பார்த்தார்.

"நானுங்களா?" என்றார்.

"ஆமாங்க."

"மீசையைக் கொஞ்சம் சீவியிருந்தேன்னா நல்லா இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் பார்த்தார்.

அதன் பிறகு பட்டறையில் வேலை கொஞ்சம் சிரமமாகிவிட்டது. சென்னகிருஷ்ணன் நடந்து வந்தால் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். லேத் ஓட்டும் மாசாணம் இரண்டு வாரம் வெற்றிலை போடாமல் இருந்தார். கார்த்திகை முடிவதற்குள் பச்சைப் படையில் முப்பத்தொரு பேருக்கு முகம் வந்துவிட்டது. எல்லாமே கம்பெனி முகங்கள்.

முதல் சண்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சென்னகிருஷ்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நடந்தது. பத்மாவதி அரிசி அளக்கும் படிகளைக் கவிழ்த்து மேலே போர்வையை விரித்து மலை அமைத்துக் கொடுத்தாள். பார்ப்பதற்கு முப்பது பேர் வந்திருந்தார்கள். அவரவர் முகம் எங்கே நிற்கிறது என்று லென்ஸைக் கைமாற்றிப் பார்த்துக்கொண்டார்கள். சென்னகிருஷ்ணன் ஆறுச்சாமியை முன்வரிசையில் நிறுத்தியிருந்தார். நன்றாக வந்த முகம் முன்னால் இருக்கட்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

அமிர்தராஜ் சிலுவை போட்டுக்கொண்டு பீரங்கிக்காகப் பகடையை உருட்டினார். ஆறு விழுந்தது. புத்தகத்தைப் பார்த்தார். அடிக்கோலை வைத்து அளந்தார். பிறகு ஆறுச்சாமியை இரண்டு விரலால் எடுத்து, விழுந்தவர்களுக்காக வைத்திருந்த பிஸ்கட் டின்னில் போட்டார். 'டக்' என்று சத்தம் கேட்டது. ஆறுச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

திங்கட்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. அன்று சாயங்காலம் அவர் மனைவி பூவாத்தாள் சென்னகிருஷ்ணனின் வீட்டுக்கு வந்தாள்.

"ஏனுங்க, எங்கூட்டுக்காரரு கட்டல்ல படுத்தவரு எந்திரிக்க மாட்டேங்கறாருங்க. கேட்டா, நாந்தான் பீரங்கி அடிச்சுச் செத்துப்போட்டனே, செத்தவன் எப்புடி வேலைக்குப் போறதுங்கறாரு."

"சாப்பிடறாருங்களா?"

"அது மூணு வேளையும் சாப்பிடறாருங்க. நேத்து களி கிண்டுனேன், ரெண்டு உருண்டை உட்டாரு. மத்தபடி செத்துத்தான் கெடக்கறாரு."

சென்னகிருஷ்ணன் அவளோடு போனார். ஆறுச்சாமி கயிற்றுக் கட்டிலில் கைகளை நேராக வைத்துப் படுத்திருந்தார். இவரைப் பார்த்ததும் "வாங்க" என்றார். பிறகு, தான் இருக்கும் நிலையில் அப்படிச் சொல்லக் கூடாது என்று தோன்றியதோ என்னவோ, வாயை மூடிக்கொண்டார்.

"ஆறுச்சாமி, அது வெறும் ஈயமுங்க."

"தெரியுமுங்க. இருவது வருஷமா இரும்பு உருக்கறவனுக்கு ஈயம் தெரியாதுங்களா?"

"அப்பறம் என்னங்க?"

"மூஞ்சி ஈயமில்லீங்களே."

ஆறுச்சாமி முகட்டைப் பார்த்தபடி தொடர்ந்தார். "முப்பது பேரு பார்த்தாங்க. மொத ஆளா உழுந்தேன். நிறுத்துனது நீங்க, பகடை போட்டது அவரு. நடுவுல நான் என்னங்க பண்ணுனேன்? சும்மா நின்னேன், செத்தேன்."

வீட்டுக்குத் திரும்பி நடக்கையில் சென்னகிருஷ்ணனுக்கு மனசு கனத்தது. அதற்கடியில், தான் வரைந்த முகம் ஒரு மனிதனைப் படுக்கவைக்கும் அளவுக்கு நன்றாக வந்திருக்கிறதே என்ற பெருமையும் இருந்தது. அந்தப் பெருமைக்காக அவர் வெட்கப்பட்டார்.

புதன்கிழமை கம்பெனி மேனேஜர் பாலுசாமி கூப்பிட்டனுப்பினார். அவர் மேஜைமேல் ஒரு லீவு லெட்டர் இருந்தது. ஆறுச்சாமி சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுக்காரர் எழுதியது. 'எங்கள் வீட்டில் ஒரு சாவு நேர்ந்துவிட்டபடியால்' என்று ஆரம்பித்தது.

"யாருன்னு விசாரிச்சேன். அவரேதானாமா" என்றார் பாலுசாமி. "குடும்பத்துல யாராவது தவறிட்டா மூணு நாள் லீவு உண்டுங்க. அவரு அவரோட குடும்பத்துல சேர்த்திங்களா, இல்லீங்களா? சேர்த்தின்னா லீவு குடுக்கோணும். குடுத்துட்டா, நாலாம் நாள் வந்து ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடறது யாருங்க?"

பாலுசாமி லெட்டரை மடித்துக்கொண்டே, வேறு பக்கம் பார்த்தபடி கேட்டார். "முப்பத்தொரு பேரு வரைஞ்சுபோட்டீங்களாமா. அதுல நம்ம மூஞ்சி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இன்னும் இல்லீங்க."

"சும்மா கேட்டேன்" என்றார் பாலுசாமி.

வியாழக்கிழமை அமிர்தராஜ் புத்தகத்தோடு சென்னகிருஷ்ணனையும் கூட்டிக்கொண்டு ஆறுச்சாமியின் வீட்டுக்குப் போனார். சாவைக் காயமாக மாற்றிவிடலாமென்று பார்த்தால், காயம் பட்டவர் என்று யாரையும் புத்தகம் ஒத்துக்கொள்ளவில்லை. நிற்கிறவர் உண்டு, விழுந்தவர் உண்டு, அவ்வளவுதான். அதனால் அவர் வேறு ஒரு வழி சொன்னார். டர்பன்டைன் விட்டு அந்த முகத்தைத் துடைத்துவிடலாம். பிறகு அங்கே யாரும் இல்லை.

ஆறுச்சாமி கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அது மட்டும் வேண்டாமுங்க. செத்தவன்னு நாலு பேரு சொல்றதை நான் தாங்கிக்குவேன். தொடச்சுப்போட்டா, அங்க நின்னது யாருன்னே தெரியாமப் போயிருமுங்க."

உள்ளே அம்மியில் அரைத்துக்கொண்டிருந்த பூவாத்தாள் கையை நிறுத்தாமலே சொன்னாள்: "அந்தப் பகடையை அவரு கையிலயே குடுத்துப் பாருங்களேன். அவரு உழுகறதை அவரே உழுந்துக்கட்டும்."

அமிர்தராஜ் பக்கங்களைப் புரட்டினார். பகடை உருட்ட வேண்டியது படைத்தலைவர்தான் என்று புத்தகத்தில் எங்கும் இல்லை. இரண்டு தடவை தேடியும் இல்லை. "ஒரு இடைஞ்சலும் இல்லீங்க" என்றார். "புதுச் சண்டைன்னா எல்லாரும் மறுபடி எந்திரிப்பாங்க. வர்ற ஞாயித்துக்கிழமை..." என்று ஆரம்பித்தவர், தவறாமல் பூசைக்குப் போகிறவர் ஆகையால், சிப்பாய்கள் எழுந்திருப்பதையும் ஆண்டவர் உயிர்த்தெழுந்த ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துச் சொல்லத் தயங்கி, "வார கடைசியில" என்று முடித்தார்.

ஆறுச்சாமி யோசித்தார். ஒத்துக்கொண்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் எழுந்திருக்க மறுத்துவிட்டார். முறை என்று ஒன்று இருக்கிறது என்றார். பாலுசாமி ரிஜிஸ்டரில் அந்த ஆறு நாட்களுக்கும் 'குணமாகிக்கொண்டிருக்கிறார்' என்று எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குள் இடம் போதவில்லை. ஆறுச்சாமி குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, மீசையைச் சீவிக்கொண்டு, ரொம்ப நாள் படுத்திருந்தவரைப் போல மெதுவாக நடந்து வந்தார். மலைக்குப் பின்னால் நின்றால் பீரங்கி எட்டாது என்று சென்னகிருஷ்ணன் காதோடு சொன்னார். ஆறுச்சாமி லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்து மேஜையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்துவிட்டு, போன வாரம் நின்ற இடத்திலேயே தன்னை எடுத்து வைத்தார். பகடையை வாங்கி உருட்டினார். ஒன்று. அவருடைய குண்டு யார் மேலும் படவில்லை. அமிர்தராஜ் பீரங்கிக்காக உருட்டினார். ஐந்து. ஆறுச்சாமியை வீழ்த்த அது போதுமானதாக இருந்தது.

எல்லோரும் ஆறுச்சாமியைப் பார்த்தார்கள். பூவாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அமிர்தராஜின் கை பாதியில் நின்றுவிட்டது. ஆறுச்சாமி தானே அந்தச் சிப்பாயை எடுத்து, டின்னுக்குள் சத்தம் வராமல், மல்லாக்கப் படுக்கவைத்தார்.

"இப்பச் சரிங்க" என்றார். பத்மாவதியிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கினார். அதன் பிறகு சண்டை முடியும் வரை நின்று, மாசாணத்தை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை காலையில் பட்டறைக்கு முதல் ஆளாக வந்து மணல் சலித்தார்.

பச்சைப் படையில் இன்னும் பன்னிரண்டு பேர் வெறும் ஈயமாக இருந்தார்கள். அதன் பிறகு சென்னகிருஷ்ணன் பிரஷ்ஷைத் தொடும் முன் சம்பந்தப்பட்டவரிடம் போய், "உழுந்தா பரவால்லீங்களா?" என்று கேட்டுவிடுவார். பெரும்பாலும் உடனே சம்மதித்தார்கள். இருவர் குதிரைமேல் என்றால் சரி என்றார்கள்.

பாலுசாமியிடம் கேட்டபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரிஜிஸ்டரை மூடினார், திறந்தார்.

"ஊட்டுல ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றேனுங்க" என்றார்.