மகா நிர்வாகி

எங்கள் அலுவலக மேசைகளில் இருப்பது வெறும் திரைகள். குளிரூட்டிய அறையில் நாலைந்து பெரிய சர்வர்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் மென்பொருளால் பிரித்து வைத்த மெய்நிகர் கணினிகள்தான் எல்லோருடையதும். எதை யார் திறக்கலாம், யார் அழிக்கலாம், யார் வெறுமனே பார்க்கலாம் என்று அனுமதி கொடுப்பதும், அந்தக் கணினிகளுக்கு டிஸ்கில் இடம் ஒதுக்குவதும் என் வேலை. 'பார்வை மட்டும்' என்று ஒருவருக்குக் கொடுத்துப் பாருங்கள், சொத்தைப் பிடுங்கிக்கொண்டது போலக் கத்துவார்.

புது மேனேஜர் கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

"நீ நிர்வாகி. நான் பார்வை மட்டும். இது உனக்கே நல்லா இருக்கா?"

"சார், தப்பான பட்டனை அழுத்தினா ஒரு கணினியே காணாமப் போயிடும்."

"நான் என்ன கொழந்தையா?"

முந்தைய கம்பெனியில் அவர் எதை அழித்தார் என்பது ஊருக்கே தெரியும். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள நான் தயாராக இல்லை. 'மகா நிர்வாகி' என்று புதிதாக ஒரு பதவியை உண்டாக்கி அவருக்குக் கொடுத்தேன். உள்ளே பார்வை மட்டும்தான், பெயர்தான் மகா. மனிதர் குளிர்ந்துபோனார். தினமும் திறந்து, தன் பெயருக்குப் பக்கத்தில் அதைப் படித்துவிட்டு மூடிவிடுவார். எந்தப் பட்டனையும் தொடவில்லை.

என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, இங்கேதான் புரோகிராம் எழுதுகிறான். நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன். தற்காலிக வேலை. எழுதியதை வாடிக்கையாளர் முன்னால் ஓட்டிக் காட்டி, அவர்கள் தலையாட்டினால் நிரந்தரம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். "என் தம்பியப் பாத்துக்கோங்க" என்று தினமும் சாப்பாட்டுப் பையோடு சேர்த்து மனைவி இதையும் கொடுத்தனுப்புவாள்.

ஓட்டிக் காட்டும் நாளுக்கு முந்தின நாள், பல் பிடுங்க லீவு போட்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து மேனேஜருக்குத் தாராள மனசு வந்துவிட்டது. என்னோடு இதே வேலை பார்க்கும் ஒருவன் இருக்கிறான். அவசரக்குடுக்கை என்றுதான் கூப்பிடுவோம். அவனிடம், "நம்ம பிரிவுல எல்லாரும் ஒண்ணுதான்ப்பா. எல்லாரையும் மகா நிர்வாகி ஆக்கிடு. சும்மா நிர்வாகின்னு ஒண்ணு எதுக்கு? தூக்கிடு" என்றிருக்கிறார். என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவன் ஏன் அவசரக்குடுக்கை? முதலில் என்னை மாற்றினான், கடைசியில் தன்னை. "அண்ணே, ப்ரமோஷன்!" என்று செய்தி வேறு அனுப்பினான். வீங்கிய கன்னத்தோடு, எதற்கென்று தெரியாமலே நன்றி சொன்னேன்.

மறுநாள் காலை மச்சினன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"மாமா, டிஸ்க்ல இடமில்ல. அழிக்க முடிஞ்சதெல்லாம் அழிச்சிட்டேன். இன்னும் கொஞ்சத்துல நின்னுடும். இடத்தைக் கூட்டி விடுங்க, அவங்க வந்து உக்காந்துட்டாங்க."

"போய்ப் பேசிட்டிரு. ஒரு நிமிஷ வேலை."

திறந்தேன். பட்டன்களெல்லாம் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தன. மேலே பளிச்சென்று என் பெயர். பக்கத்தில் மகா நிர்வாகி.

"தள்ளு, நான் பண்றேன்" என்று மேனேஜர் வந்து அழுத்தினார். மறுபடி அழுத்தினார். "என்னய்யா, எனக்கே வரல?"

"உங்களுக்கு எப்பவுமே வந்ததில்ல சார்."

எல்லாவற்றையும் திறக்கும் மூலக் கடவுச்சொல் முதலாளியின் பெட்டகத்தில் இருந்தது. பெட்டகச் சாவி முதலாளியிடம் இருந்தது. முதலாளி விமானத்தில் இருந்தார்.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மச்சினன் பேச ஆரம்பித்தான். கையை ஆட்டி, சிரித்து, நன்றாகவே பேசினான். இந்தப் பக்கம் என் திரையில் டிஸ்க் நிரம்பும் பட்டை சிவப்பாகிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க எங்களுக்கு முழு அனுமதி இருந்தது. மேனேஜர், அவசரக்குடுக்கை, நான் என்று மூன்று மகா நிர்வாகிகளும் வரிசையாக நின்று பார்த்தோம். அவனுடைய திரை உறைந்தது. பேச்சை நிறுத்திவிட்டுக் கண்ணாடி வழியாக அவன் என்னைத் தேடினான்.

சாயங்காலம் நான் போவதற்குள், வேலை போய் அவன் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டிருந்தான். மனைவி வாசலிலேயே நின்றாள்.

"பாத்துக்கோங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்" என்றேன்.