வாடையில்லாமல் கருகிய வெங்காயம்

மாரியம்மன் சத்தியம். பாக்டரியைக் காக்கிற ரோதமுனி சத்தியம். இன்னும் ஆறாமல் என் கையிலிருக்கும் இந்தப் பிளேன்டீ சத்தியம். இதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. குறைத்துச் சொன்னது உண்டு. கேட்பவர்கள் பயந்துவிடக் கூடாதே என்பதற்காக.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே, பாதை முடிகிற இடத்தில் ஒரு பழைய துரை பங்களா இருக்கிறது. இப்போது வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கிப்போகும் விடுதி. நான் அங்கே தோட்டக்காரன், கேட்டுக் காவல், மேனேஜர் இல்லாத நேரத்தில் மேனேஜர். சாப்பாட்டு அறைச் சுவரில், பெரிய சட்டம் போட்டு, அந்தத் துரையின் மனைவி, துரைசாணியின் படம் தொங்குகிறது. அந்தக் காலத்தில் அதே அறையில், சூப் குடிக்கும்போது, கரண்டி வாய்க்குப் போகும் பாதி வழியில் நிற்க, செத்துப்போனவள். மிச்சச் சூப் இன்னும் வரவில்லையே என்பதுபோல் குசினிக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் பார்வை விழுந்த சமையல்காரர் எவரும் நிலைத்ததில்லை. ஒருவருக்குக் கை வெந்தது. ஒருவருக்குக் கல்யாணம் ஆனது. கடைசியாக இருந்த வீரய்யா உப்பு வாங்கப் பதுளைக்குப் போனவர், இன்னும் வாங்கிக்கொண்டே இருக்கிறார்.

அந்த இடத்துக்குத்தான் கனகம் வந்தாள். போன மழையில் அவளுடைய தோட்டத்து லய வீட்டுக்குப் பின்னால் மேடு வெடித்து இறங்கிவிட்டது. சுவரில் விழுந்த வெடிப்புக்குள் கையை விடலாம். பங்களாவின் பின்புறம் சமையல்காரருக்கென்று ஒரு சின்ன வீடு உண்டு. மகள் மதுஷாவோடு அதில் ஒண்டியிருந்தாள். கொழும்பிலிருந்து முதலாளியம்மா நளீரா வந்து, அவள் கைச் சமையலைச் சாப்பிட்டுப் பார்த்துச் சரி என்றால், வேலையும் வீடும் நிரந்தரம். இல்லையென்றால் அந்த வெடித்த சுவருக்கே திரும்ப வேண்டும்.

முதலாளியம்மா வருகிற அன்று பகலிலேயே மலை இருட்டிக்கொண்டு நின்றது. அவர் போனில் கேட்டிருந்தது ஒன்றே ஒன்று: சுட்ட வெங்காயமும் பச்சை இலைகளும் போட்ட டிப்.

“டிப்புன்னா என்னா மாமா?” என்றாள் கனகம்.

“கெட்டித் தயிர்ல செய்றது. பொரிச்ச கெழங்க அதுல முக்கித் தின்பாங்க.”

“அப்ப பச்சடின்னு சொல்ல வேண்டியதுதானே?”

“பச்சடின்னா தின்பாங்க. டிப்புன்னா மொதல்ல போட்டோ எடுப்பாங்க.”

எருமைத் தயிரை வெள்ளைத் துணியில் கொட்டி, முடிச்சிட்டு, குசினிக் கூரை வளையில் தொங்கவிட்டாள். கீழே சட்டியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. காற்று துளியும் இல்லை. ஆனாலும் மூட்டை மெல்லச் சுற்றியது. சுற்றி, சாப்பாட்டு அறைப் பக்கம் திரும்பி நின்றது. படியில் படுத்திருந்த எங்கள் நாய் அதைப் பார்த்தது, எழுந்தது, வாலை ஒடுக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போயிற்று. இப்போது அது பண்டாரவளையில் ஒரு பேக்கரி வாசலில் இருப்பதாகக் கேள்வி.

பெரிய வெங்காயத்தைத் தடித்த வட்டங்களாக வெட்டி, எண்ணெய் தடவி, தேயிலை மிலாறுக் குச்சிகள் எரித்த தணலின் மேல் கம்பித் தட்டில் பரப்பினாள் கனகம்.

“மாமா, எனக்குச் சளி. மூக்கு ரெண்டும் அடச்சிருக்கு. நான் போயி எலயக் கிள்ளிக்கிட்டு வாறேன். லேசா கருகுற வாட வந்தோன்ன ஒரு சத்தம் குடுங்க.”

“நீ போ புள்ள. மூக்க இங்கேயேதான் வச்சிருக்கேன்.”

நான் அடுப்போரம் அமர்ந்தேன். திறந்திருந்த கதவு வழியாகத் துரைசாணி என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். யார் முதலில் இமைப்பது என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். ஜன்னலால் மூடுபனி உள்ளே இறங்கியது. எது பனி, எது புகை என்று பிரிக்க முடியவில்லை.

கொத்தமல்லியும் புதினாவும் வெங்காயத்தாளுமாகத் திரும்பிய கனகம் வாசலிலேயே அலறினாள்.

“அய்யோ மாமா! கரியாப் போச்சே! சத்தம் குடுக்கச் சொன்னேன்ல?”

“வாட வரலயே புள்ள.”

“கரிக்கட்டையாக் கெடக்கு, வாட வரலயா?”

“துளிகூட வரல.”

அவள் முகம் வெளுத்துவிட்டது. நெருப்பில் கருகியதற்கு நெடி வராவிட்டால் என்ன பொருள் என்று எங்கள் லயத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கண்ணூறு. நெடி எவ்வளவு குறைகிறதோ, கண் அவ்வளவு பொல்லாதது.

“சுத்திப் போட்டுப் பாருங்க மாமா,” என்றாள்.

மிளகாய் வற்றல் அந்தக் குசினிக்குள் வருவதில்லை, விருந்தாளிகளுக்கு ஆகாதாம். வெங்காயச் சருகு, பூண்டுத் தோல், உப்பு, அவள் தலையிலிருந்து ஒரு கொத்து உதிர்ந்த முடி. மூன்று தரம் சுற்றி, துப்பச் சொல்லி, தணலில் போட்டேன். படபடவென்று வெடித்தது. முடி புழுவாகச் சுருண்டது.

“நெடி வருதா?”

நன்றாக இழுத்துப் பார்த்தேன். “இல்ல புள்ள.”

“முடி பொசுங்குற நாத்தம்கூடவா?”

“பச்சத் தண்ணி மாதிரி இருக்கு.”

கனகம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “அப்ப நம்மளப் போகச் சொல்லுது. அந்த வெடிச்ச செவத்துக்கே போகச் சொல்லுது. மேல மண்ணு தொங்கிக்கிட்டு நிக்கிது மாமா. புள்ளய அதுக்குள்ளயா படுக்க வைப்பேன்?”

மலைக்கு அப்பால் இடி உருண்டது. அப்போதுதான் கவனித்தேன். புகை மேலே கூரைக்குப் போகவில்லை. காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு நிற்கும் ஆட்களைப்போல வரிசை பிடித்து, குசினிக் கதவைக் கடந்து, துரைசாணியிடம் போய்க்கொண்டிருந்தது. படத்தில் அவள் மூக்குத் துவாரங்கள் விரிந்து சுருங்கின. கன்னத்தில் சிவப்பு ஏறியிருந்தது. இத்தனை காலம் பட்டினி கிடந்தவள், வாடை அத்தனையையும் ஒரே இழுவையில் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள்.

“யாருக்குப் பசின்னு தெரிஞ்சிருச்சு,” என்றேன். “நீ தயிர எறக்கு. அவள நான் பாத்துக்கிறேன்.”

வேறு வெங்காயம் சுட நேரமில்லை. கருகிய மேல்தோலை உரித்தாள். உள்ளே கொஞ்சம், குழைந்து, பழுப்பாக மிஞ்சியிருந்தது. அதைக் கொத்தித் தயிரில் போட்டு, இலைகளை நறுக்கித் தூவி, உப்பும், புளிப்புக்குத் தேசிக்காய்ச் சாறும் விட்டு அடித்தாள். எவ்வளவு ஒதுக்கியும் கரித்தூள் கலந்துவிட்டது. டிப் வெளியே நின்ற மழை மேகத்தின் நிறத்தில் இருந்தது.

கேட்டில் கார் ஹோர்ன் கேட்டது. நான் ஓடிப்போய்ப் படத்தின் சட்டத்தைப் பிடித்தேன். ஐஸ் போலக் குளிர்ந்தது. திரும்ப மறுத்தது. மூச்சைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பி, முகத்தைச் சுவரோடு சேர்த்துவிட்டேன். உள்ளேயிருந்து ஒரு தும்மல் வந்தது. அது கனகத்தினுடையது அல்ல. கனகம் அதற்குப் பிறகுதான் தும்மினாள்.

நளீரா அம்மா படியேறும்போதே நின்றார்.

“யா அல்லாஹ், என்ன வாசம்! கேட்டடியிலயே வெங்காயம் சுடுற வாசம் தூக்குது. நடுவுல ஏதோ முடி பொசுங்கின மாதிரியும் வருதே, நல்லையா?”

படத்தைத் திருப்பிய கணமே அவள் இழுத்து வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. இதைவிடச் சாட்சி எதற்கு?

மேசையில் வெலிமடை உருளைக்கிழங்குப் பொரியல், நடுவில் டிப். அம்மா ஒரு துண்டை முக்கி வாயில் போட்டார். இன்னொன்று. மழை தகரத்தில் விழத் தொடங்கியது. கனகம் முந்தானையைத் திருகிக்கொண்டே கதவோரம் நின்றாள். அம்மா கிழங்கைத் தள்ளிவிட்டுக் கரண்டியால் அள்ளினார். கரண்டி வாய்க்குப் போகும் பாதி வழியில் நின்றது.

நான் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த படத்தைப் பார்த்தேன்.

“கனகம், இந்தக் கருகல் ருசி வேணும்னே செஞ்சதா?”

கனகம் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

“ஆமாங்க,” என்றாள்.

கரண்டி வாய்க்குள் போயிற்று. “இந்த மழை விட்டதும் சாமான் எல்லாத்தையும் பின்வீட்டுக்கு எடுத்துட்டு வந்துரு. அந்த லயத்துல இனி ஒண்ணும் வைக்காத.”

படம் இன்னும் சுவரைப் பார்த்தபடிதான் தொங்குகிறது. அதற்குப் பின்னால் சுண்ணாம்பில், மூக்கு மட்டத்தில், ஈரமாக இரண்டு வட்டம் விழுந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் கனகம் அதன் முன்னால் ஒரு சுட்ட வெங்காயம் வைக்கிறாள். வாடை வருகிறதா என்று என்னைத்தான் கேட்பாள். இல்லை என்பேன். துரைசாணி ஏற்றுக்கொண்டாள் என்று கும்பிட்டுவிட்டுப் போவாள்.

கொரோனா வந்து போனதிலிருந்து எனக்கு எந்த வாசனையும் தெரிவதில்லை.