ஒயில் குடித்த பாத்தி

குடலிறக்கத்துக்கு ஒப்பரேஷன் செய்த டொக்டர், மூன்று மாதத்துக்கு ஒரு வாளி தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று வீரபாகுவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். லொறியை மச்சான் கிருசாந்தன் ஓட்டிக்கொண்டு போனான். மனைவி ராஜினி காலையிலேயே பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போய்விடுவாள். பரந்தன் ஆலைகளுக்கு நெல் ஏற்றி இறக்கியே பழகிய மனிதர், முரசுமோட்டையில் தன் வீட்டு வாசலில் பிளாஸ்ரிக் கதிரை ஒன்றைப் போட்டு உட்கார்ந்தார். வீடு கட்டிப் பன்னிரண்டு வருடத்தில் அந்த முற்றத்தை அவர் இப்படிப் பார்த்ததில்லை.

பார்ப்பதற்கு அதிகம் இருக்கவுமில்லை. வாசலுக்கும் கேற்றுக்கும் நடுவே பன்னிரண்டு அடி நீளத்தில் ஒரு பூப்பாத்தி. அதில் அரைவாசிக்கு வேப்பமரத்து நிழல். சுற்றிவரப் பதித்த செங்கல் பாதி சரிந்து கிடந்தது. உள்ளே நாலைந்து காய்ந்த குச்சிகள், காற்று கொண்டுவந்து போட்ட பைகள். புல்கூட அங்கே மனமில்லாமல்தான் முளைத்திருந்தது.

மூன்றாம் நாள் அவருக்குப் பொறுக்கவில்லை.

"ராஜினி, உதுக்குள்ள என்ன வைச்சனீர்?"

"ரோசா வைச்சனான், செவ்வந்தி வைச்சனான். ஒண்டும் வரேல்லை." சேலைக்கு ஊசி குத்திக்கொண்டே சொன்னவள், ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு வெளியே போனாள்.

நிழல்தான் காரணம் என்று வீரபாகு தீர்மானித்தார். குசினியிலிருந்து ஒரு சிரட்டை சாம்பல் எடுத்து வந்தார். எட்டு மணிக்கு நிழலின் விளிம்பு எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு கோடு. பத்து மணிக்கு இன்னொன்று. பன்னிரண்டுக்கு இன்னொன்று. மத்தியானத்துக்குப் பிறகு வீட்டின் நிழலே பாத்தியை மூடிவிட்டது. மூன்று நாள் பார்த்ததில் கணக்குப் பிடிபட்டது: கிணற்றுப் பக்கத்துப் பாதிக்குக் காலை முழுக்க வெயில், வேம்புப் பக்கத்துக்கு இலைகளுக்குள்ளால் விழும் பொட்டு வெயில் மட்டும்.

"என்ன, கோலம் போடுறியளோ?" என்று பள்ளிக்கூடத்தால் வந்த ராஜினி சிரித்தாள். ஆனால் கிட்ட வந்து பார்க்கவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் உறைத்தது.

வியாழக்கிழமைகளில் வவுனியாவிலிருந்து இன்சாப் தன் சின்ன லொறியில் பூங்கன்றுகளை ஏற்றிக்கொண்டு அந்த வழியால் போவான். வீரபாகு கைகாட்டி நிறுத்தி, சாம்பல் கோடுகளைக் காட்டி விளக்கினார்.

இன்சாப் மரியாதையாகக் கேட்டான். "நிழலில குத்தமில்லை அண்ணன். நிழலுக்கெண்டே கண்டுகள் இருக்கு. கனகாம்பரம், இலை அழகுக்கு வைக்கிற பன்னம், மஞ்சள் எல்லாம் உந்த வேம்புக்குக் கீழ நல்லா நிக்கும்." பிறகு மண்வாரியால் ஒரு பிடி கிளறி எடுத்தான். மண் உதிரவில்லை. கறுப்புக் கட்டியாக வந்தது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனவன் முகத்தைச் சுளித்தான்.

"இதுக்குள்ள ஒயில் ஊத்தினது ஆரு?"

வீரபாகு கேற்றடியைப் பார்த்தார். "முந்தி இதில ஒரு லொறி நிக்கிறது," என்றார், வேறு யாருடையதோ லொறியைப் பற்றிச் சொல்வதுபோல.

"மண்ணை ஒரு முழத்துக்கு மாத்துங்க. அதுக்குப் பிறகு வாறன். இப்ப நான் ஒண்டும் விக்கமாட்டன், பாவம் கண்டுகள்."

அன்று பகல் அவர் பாத்தியடியிலேயே இருந்தார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை லொறிக்கு ஒயில் மாற்றியதும், பழைய ஒயிலைச் செங்கல் ஓரமாகக் கவிழ்த்ததும், மழை வந்தால் கழுவிப்போகும் என்று நினைத்ததும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அந்தக் காய்ந்த குச்சிகளை எண்ணிப் பார்த்தார். ஐந்து இருந்தன.

பின்னேரம் தேத்தண்ணியோடு வந்த ராஜினியிடம் நேரே சொன்னார்.

"உம்மட பூக்கண்டுகளை நான்தான் சாகடிச்சனான். என்ர ஒயில்."

"தெரியும்," என்றாள் ராஜினி.

"தெரியுமோ? ஏன் சொல்லேல்லை?"

"ரண்டு தரம் சொன்னனான். நீங்கள் ஓம் ஓம் எண்டிட்டு லொறிக்குக் கீழ படுத்திட்டியள்." அவள் குரலில் கோபம் இல்லை. "பிறகு சொல்லி என்ன? அதுக்குப் பிறகு வாங்கின கண்டுகளைப் பள்ளிக்கூடத்தில அலுவலகத்துக்கு முன்னால வைச்சிட்டன். அங்க எல்லாம் பூத்து நிக்குது. பிள்ளையள் தண்ணி விடுவினம்."

திட்டியிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். தன் வீட்டில் வராத பூவை அவள் இத்தனை வருடமாக வேறொரு வாசலில் பார்த்து ஆறியிருக்கிறாள். அது தனக்குத் தெரியாமலே போயிருக்கிறது.

அடுத்த நாளிலிருந்து வேலை தொடங்கியது. மண்வெட்டி பிடிக்கக் கூடாது. ஆகவே பாத்தி ஓரத்தில் பலகைக்கட்டையில் உட்கார்ந்து, சின்ன மண்வாரியால் சுரண்டிச் சுரண்டி உரப்பைகளில் கால்வாசி கால்வாசியாக நிரப்பினார். பின்னேரத்தில் ராஜினி வந்து பைகளை இழுத்து ஓரமாக அடுக்கினாள். முதலில் சும்மா இழுத்தாள். நாலாம் நாள் அவளும் ஒரு மண்வாரியோடு எதிர்ப்பக்கத்தில் குந்திவிட்டாள். மூன்று கிழமையில் கறுப்பு மண் முடிந்து, அடியில் சிவப்பு மண் தெரிந்தது. பைகளைப் பிரதேச சபை ஆட்கள் வந்து ஏற்றிப்போனார்கள். கிருசாந்தன் ஒரு லோட் குளத்து வண்டல் கொண்டுவந்து கொட்டினான்.

கன்றுகளை எப்படி அடுக்குவது என்பதில்தான் சண்டை வந்தது. வீரபாகு கயிறு பிடித்து, மூடை அடுக்குவதுபோல மூன்று நேர்வரிசை என்றார்.

"நடுவில நான் எங்க காலை வைச்சுத் தண்ணி விடுறது?" என்றாள் ராஜினி. கயிற்றைக் கழற்றிவிட்டு, நாலு தட்டைக் கல்லை வளைவாகப் பதித்தாள். வெயில் பக்கத்துக்கு நித்தியகல்யாணியும் கற்றாழையும். நடுவில் கனகாம்பரம். வேம்புக்குக் கீழே பன்னமும் மஞ்சளும். மரத்தை ஒட்டி ஒன்றும் வேண்டாம், வேருக்கு இடம் விடவேண்டும் என்றாள். வீரபாகு சரிந்த செங்கல்லை நிமிர்த்தினார். இன்சாப் கன்றுகளை இறக்கும்போது மண்ணை முகர்ந்து பார்த்துத் தலையாட்டினான்.

எல்லாமே பிழைத்துவிடவில்லை. கனகாம்பரத்தில் இரண்டு ஒரே கிழமையில் வாடின. ஒரு மூலையில் ஒயில் இன்னும் ஊறியிருந்தது போலும், அங்கே வைத்த பன்னம் கருகியது. வீரபாகு அந்த மூலையை மறுபடி தோண்டினார். ஆவணியில் மஞ்சள் இலைகள் அகலமாக விரிந்து நிழலை நிரப்பின. டொக்டர் லொறி ஓட்டலாம் என்று சொன்னபோது, அதை மதிலுக்கு வெளியே வீதியோரமாக நிறுத்தினார். ஒயில் மாற்றுவது இனிப் பரந்தனில் கராச்சில் என்றார். யாரும் கேட்காமலே சொன்னார்.

ஒரு வெள்ளிக்கிழமை ராஜினி பள்ளிக்கூடத்தால் வரும்போது ஸ்கூட்டியின் முன்னால் பால்மாத் தகரப் பேணி ஒன்று இருந்தது. அதில் சிவப்பு இலை பெகோனியா.

"கஜனி ரீச்சர் தந்தவா," என்றாள். உடுப்பு மாற்றவில்லை, தேத்தண்ணி குடிக்கவில்லை. சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு தட்டைக் கற்கள் மேல் நடந்துபோய்க் குந்தினாள்.

"நான் கிண்டித் தரட்டோ?" என்று கேட்டார் வீரபாகு.

"வேண்டாம், நீங்கள் தண்ணியை மட்டும் கொண்டு வாங்கோ," என்றாள் அவள், விரலாலேயே குழி தோண்டியபடி.

அவர் கிணற்றடிக்குப் போனார்.