பிரேக் மிதித்தால் எரியும் காதுகள்

மெர்வின் ஷிர்மர் தன் பச்சை நிறப் பழைய காரின் பிரேக்கை மிதித்தால், பின்விளக்குகள் எரியாமல், பக்கத்து வீட்டு டாரில் ஹாட்ரிக்கின் காதுகள் எரிந்தன. ஆஸ்திரேலியக் கோதுமை ஊரான எங்கள் மலூராவில் முதலில் அதை வெயிலில் கன்றிய காது என்றுதான் நினைத்தார்கள். தேவாலயத்தில் பாட்டுக்கு நடுவே எரிந்தபோதும், மதுக்கடையில் அவர் கையிலிருந்த பீர் சிவந்தபோதும் ஒருவரும் பெரிதுபடுத்தவில்லை. அந்த வருடம் கோதுமையில் வெட்டுக்கிளி விழுந்திருந்தது. பேச வேறு விஷயம் இருந்தது.

காரணம் டாரிலுக்கு மட்டும் தெரியும். மகள் கல்யாணத்துக்கு அந்தக் காரை இரவல் வாங்கியிருந்தார். கல்யாணத்தன்று காலை பாட்டரி செத்துக் கிடந்தது. புதிதாக ஒன்றை, தன் வண்டியில் மாட்டுவது போலவே மாட்டினார். இன்றைய வண்டிகளில் பாட்டரியின் மைனஸ் முனைதான் வண்டியின் உடம்போடு சேரும். அந்தக் காலத்து இங்கிலாந்துக் காருக்கோ பிளஸ் முனை சேர வேண்டும். டாஷ்போர்டுக்குள்ளிருந்து புகை வந்தது. அவசரமாக மாற்றி மாட்டி, துடைத்து, மணப்பெண்ணை ஏற்றிப்போய், மறுநாள் காரை ஒரு கேக்கோடு திருப்பிக் கொடுத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

அந்தக் காரின் வயரிங் முழுவதும் மெர்வின் தன் கையால் செய்தது. அவர் ஃபியூஸை மாற்றினார், பிரேக் சுவிட்சைக் கழற்றினார், எர்த் வயர் தொடும் இடத்தைத் துரு போகச் சுரண்டினார். உள்ளே உட்கார்ந்து அவர் மிதிக்க, பின்னால் நின்று பார்த்துச் சொல்வது டாரிலின் வேலை.

“எரியுதா?”

“இல்ல மெர்வ்.”

ஜனவரி வெயிலில் கம்பளித் தொப்பியைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டு, தேள் கொட்டிய திருடனாக நின்று, கோடைக்குக் கோடை இதையே சொன்னார்.

கடைசியில் மெர்வின் ஸ்பானரைக் கீழே வைத்தார். “கை போச்சுடா. நான் போட்ட வயரு எனக்கே புரியல. அடிலெய்டுல ஒருத்தன் கேக்குறான், குடுத்துடறேன்.” அதற்குப் பிறகு அடுக்களை பல்பு மாற்றக்கூட டாரிலைத்தான் கூப்பிட்டார். ஸ்டூல் மேல் நின்று பல்பைத் திருகியபோது, கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த அந்தக் கைகளைப் பார்த்து டாரில் கூனிக் குறுகிப்போனார். அவ்வளவு வெட்கம் அவருக்கு அதுவரை வந்ததில்லை.

அடிலெய்டுக்காரர் வரவிருந்த காலையில் கடைசியாக ஒருமுறை மிதித்துப் பார்த்தார் மெர்வின்.

“எரியுதா?”

டாரில் தொப்பியைக் கழற்றினார். “எரியுது.”

மெர்வின் பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தார். இரண்டு சிவப்பு விளக்குகள் தெரிந்தன, நடுவில் ஒரு முகம் அழுதுகொண்டிருந்தது.

“கல்யாணத்தன்னிக்கு பாட்டரிய நாந்தான் தலகீழா மாட்டினேன் மெர்வ். ஒன் கையில ஒரு கோளாறும் இல்ல.”

மெர்வின் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். “தெனமும் இதத்தானடா திட்டிக்கிட்டிருந்தேன்,” என்றார்.

கருகிய வயரைத் தேடி எடுத்து அவரே புதிது போட்டார். ஆனாலும் எரிந்தது காதுகள்தான். கார் விற்கப்படவில்லை. வண்டியைச் சோதிக்க வந்த அதிகாரி, பின்னாலிருந்து பார்த்தால் சிவப்பு விளக்கு இரண்டு தெரிகிறது என்று அனுமதி கொடுத்தார். டாரில் பின்சீட்டில் தொப்பியில்லாமல் உட்கார வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் போவதைப் பார்க்கலாம். எதிரே ஒரு முயல்கூட இல்லாத நேர்ச்சாலையில் மெர்வின் சும்மாவே பிரேக்கை மிதித்து, “எரியுதா?” என்பார். டாரில் இப்போதெல்லாம் உண்மையைத்தான் சொல்கிறார்.