ஹர்த்தாலில் ஒரு பூட்டுக்கடை

ஹர்த்தால் தொடங்கி நான்கு மணி நேரம் பத்து நிமிடம் ஆகியிருந்தது. தெரு முழுக்கக் கடைகள் பூட்டிக் கிடந்தன. பூட்டுக்கடையில் மட்டும் ஷட்டர் இறங்கியிருந்ததே தவிர, பூட்டு தொங்கவில்லை. கடைக்காரர் ஷட்டரின் கைப்பிடியை முதுகால் மறைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

வியாபாரிகள் சங்கத் தலைவர் நாலு பேரோடு வந்து நின்றார். எதிரே பாத்திரக்கடை வைத்திருப்பவர். கடைக்காரரின் மனைவிக்கு அண்ணன்.

"என்ன மாப்ள, பூட்டைக் காணோம்?"

"ஷட்டரை இறக்கிட்டேனே மச்சான்."

"இறக்கினா ஆச்சா? ஹர்த்தால்ங்கிற இந்தி வார்த்தை எப்படி வந்துச்சு தெரியுமா? ஹாட்னா கடை, தாலான்னா பூட்டு. பூட்டு தொங்கலேன்னா அது ஹர்த்தால் இல்ல, மத்தியானத் தூக்கம்."

நாலு பேரும் தலையாட்டினார்கள்.

"இல்ல மச்சான், கொஞ்சம் காத்தாட இருக்கட்டும்னு..."

"இரும்பு ஷட்டருக்குக் காத்தா? ஊருக்கே பூட்டு வித்துட்டு உனக்கு ஒண்ணு மாட்ட வலிக்குதா? தங்கச்சி புருஷன்னு பார்க்க மாட்டேன். அஞ்சு நிமிஷத்துல பூட்டு தொங்கலேன்னா சங்கத்துல உன் பேர் இருக்காது."

கடைக்காரர் பதினெட்டு வருடமாகச் சங்கத்தில் இருப்பவர். எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"மச்சான், கோவிச்சுக்கக் கூடாது. ஹர்த்தாலுக்குன்னு ஆளாளுக்கு வாங்கிச் சரக்கே தீர்ந்துபோச்சு. நேத்து கடைசியா நீங்க வந்து புதுப்பூட்டு கேட்டீங்க. இல்லேன்னு சொல்ல வாய் வரல. என் ஷட்டர்ல தொங்கினதைக் கழட்டி, எண்ணெய் போட்டுத் துடைச்சு, அட்டைப்பெட்டில வச்சுக் குடுத்துட்டேன்."